செல் தீர்ந்து போனால்...?

மின்சார வசதி இல்லாத விமானமும் உண்டு! பழைய 'பைப்பர் கப்' அப்படிப்பட்டது. முன்விசிறியைக் கையால் சுழற்றிக் கிளப்புவார்கள். தீப்பொறியை என்ஜினில் உள்ள 'மாக்னெட்டோ' கொடுத்துவிடும்.

1932-ல் டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த விமானத்தில் ரேடியோவே கிடையாது. இன்று வானத்தில் போக்குவரத்து அதிகம். தரையிலிருந்து வரும் சேதி விமானியின் காதில் விழவேண்டும். ஆகவே, இத்தகைய விமானத்தில் பாட்டரியில் வேலை செய்யும் கைரேடியோவையும் காதுக்கருவியையும் கொண்டுபோகிறார்கள்.

செல் தீர்ந்தால் விமானம் விழாது. ஆனால் சேதி நின்றுவிடும். ஆபத்து அதில்தான்!

இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் தஞ்சை விவசாயி, டார்ச் விளக்கை எரித்துப் பார்த்த பிறகே வரப்பில் கால் வைக்கிறார். விமானிக்கும் அந்தப் புத்தி வேண்டும். மாற்றுச் செல் இல்லாமல் கிளம்பவே கூடாது. சில ரூபாய் செல்லுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?