பட்டியலில் விடுபடும் பெயர்

2020 மார்ச்சில், தாய்லாந்திலிருந்து ஈரோடு வந்திருந்தவர்களுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. அம்மாதம் 22ஆம் தேதி முடக்கும்படி மத்திய அரசு சொன்ன தமிழக மாவட்டங்கள் மூன்றில் ஈரோடும் ஒன்று. தெருக்கள் அடைக்கப்பட்டன. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். தொற்று கண்டவரிடம் அவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: 'யார் யாருடன் பழகினீர்கள்?'

சாதி வாழும் ஊரில் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்குமா?

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அன்றைய அரசு வழிகாட்டுதல் தெளிவாகவே சொன்னது. ஒரே வீட்டில் வசிப்பவர், பாதுகாப்பின்றி ஒரு மீட்டருக்குள் இருந்தவர், நோயாளியின் சளி, எச்சில், மலம் ஆகியவற்றைத் தொட்டவர், அவரது துணியையும் படுக்கை விரிப்பையும் பாத்திரத்தையும் தொட்டவர் அல்லது சுத்தம் செய்தவர். அறிகுறி இல்லாவிட்டாலும் இவர்களுக்கு 5ஆம் நாள் முதல் 14ஆம் நாளுக்குள் ஒருமுறை பரிசோதனை செய்ய வேண்டும் என்றது ஐ.சி.எம்.ஆர்.

துணியும் பாத்திரமும் என்ற இடத்தில் சற்று நிற்போம். தோட்டத்துச் சாளையில் சட்டி பானை கழுவுவது யார்? வாசல் கூட்டிச் சாணி அள்ளுவது யார்? நகரத்தில் நம் வீட்டுக் குப்பையைக் கையால் பிரிப்பது யார்? கொங்குப் பகுதியில் பெரும்பாலும் அருந்ததியப் பெண்கள்.

ஆனால் கேட்டால், "வீட்டில் நாங்கள் நாலு பேர்தான், வேறு யாரும் வருவதில்லை" என்பார் வீட்டுக்காரர். பொய் சொல்வதாக அவர் நினைப்பதில்லை. வாசலோடு நிற்பவரை 'வந்தவர்' என்று எண்ணும் பழக்கம் அவருக்கு இல்லை. தனி டம்ளரில் காபி ஊற்றியதால் ஒட்டுறவு இல்லை என்று நம்புகிறார். தீட்டுக்குத்தான் வாசற்படி தெரியும், கிருமிக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணும் வாய் திறப்பதில்லை. 14 நாள் தனிமை என்றால் 14 நாள் கூலி போச்சு. 'காலனியில் நோய்' என்று பேச்சு கிளம்பினால் வளவு முழுக்க யாருக்கும் வேலை கிடைக்காது.

இது பழைய கதை அல்ல. 2018இல் கோழிக்கோட்டில் கண்ட நிபா, அதன் பிறகும் கேரளத்தில் தலைகாட்டியிருக்கிறது. நெருங்கிப் பராமரிப்பவர்களுக்கும் நோயாளியின் உடல் திரவம் படுபவர்களுக்கும் அது பரவும். வாளையாருக்கு இந்தப் பக்கம்தான் நாம் இருக்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தொடர்புப் பட்டியல் எடுக்கும்போது, 'வேலைக்கு வருபவர் யார், பாத்திரம், துணி கழுவுபவர் யார், குப்பை எடுப்பவர் யார்' என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். தனிமையில் வைக்கப்படும் கூலித் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் அந்த நாட்களின் கூலியைத் தர வேண்டும். தொற்று கண்டவரின் பெயரோ குடியிருப்போ வெளியே போகக் கூடாது.

மாணவர்களே, உங்கள் அம்மா வேலை செய்யும் வீட்டில் காய்ச்சல் என்றால், அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், 104க்கு அழையுங்கள். அம்மாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.