காலியான மலைகளா? காலியாக்கப்பட்ட மலைகளா?

வெறுமைக்கும் இன்று விலை உண்டு. ஸ்பெயின் நாட்டுக்குச் சரளைப்பாதை மிதிவண்டி ஓட்டச் செல்வோர் எழுதும் குறிப்புகளை வாசித்துப் பாருங்கள். "நாள் முழுக்க ஒரு மனிதரையும் காணவில்லை", "கைவிடப்பட்ட ஊர், அற்புதமான அமைதி", "மனிதன் தொடாத இயற்கை" என்று புகழ்ந்து தள்ளுகிறார்கள். நம்மிடையே வார இறுதியில் மிதிவண்டி ஓட்டும் பெற்றோர் பெருகிவிட்டனர். ஆசிரியர்களிலும் பலர் உண்டு. அவர்களும் இதே வரிகளைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். ஆகவேதான் இதை எழுதுகிறேன். அந்த வரிகள் பொய் என்பது என் வாதம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில் அரகோன் மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது தெருவேல் மாவட்டம். அந்நகரில் தொடங்கி, அல்பராசின் மலை, தாஹோ ஆறு பிறக்கும் மேட்டுநிலம், 2,000 மீட்டரைத் தாண்டும் ஹவலம்ப்ரே சிகரம் எனச் சுற்றி, மீண்டும் அந்நகருக்கே வந்து சேரும் புகழ்பெற்ற வழி ஒன்று உண்டு. ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். அதன் பெயர் 'மொந்தாஞாஸ் வாசியாஸ்', அதாவது 'காலி மலைகள்'. அந்த மலைநாட்டில் சதுர கிலோமீட்டருக்கு எட்டுப் பேர் கூட இல்லாத பரப்பே மிகுதி. பக்கத்துச் சிங்கப்பூரில் அதே பரப்பில் எண்ணாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள்!

அப்பெயர் அங்குள்ள மக்கள் குறைவையே சுட்டுகிறது. அந்த வழியோடு எனக்குப் பகையில்லை. மிதிவண்டியில் வருவோர் கிராமத்துக் கடையில் ரொட்டி வாங்கி, அங்கேயே இரவு தங்கினால் அவ்வூருக்கு நன்மைதான். என் சண்டை, அந்த வெறுமையை ஏதோ மலை பிறந்தபோதே உடன்பிறந்தது போல எண்ணும் மனப்போக்கோடுதான்.

'மனிதன் தொடாத இயற்கை' என்கிறார்களே, அந்தச் சரளைப்பாதை தானாக முளைத்ததா? காட்டுப் பாதைகள் பைன் மரம் வெட்டி ஏற்றிச் செல்ல வெட்டப்பட்டவை. அகன்ற புல்வழிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற பழைய மேய்ச்சல் பாதைகள். 1273ஆம் ஆண்டிலேயே பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் ஆடு வளர்ப்போரின் 'மெஸ்தா' என்னும் அமைப்புக்கு உரிமைகள் வழங்கினார். அவ்வழிகளுள் மிகப் பெரியவற்றின் அகலம் 75 மீட்டர். ஸ்பெயின் முழுவதும் இத்தகைய பாதைகள் ஏறத்தாழ 125,000 கிலோமீட்டர் உள்ளன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவற்றைப் பொதுச்சொத்தாகக் காக்கிறது. இன்னொன்று, தெருவேல் வழியாகக் கடல் நோக்கி இறங்கும் ஓஹோஸ் நெக்ரோஸ் 'பசுமைவழி'. அதுவோ இரும்புத்தாதுச் சுரங்கத்திலிருந்து சகுந்தோ துறைமுகத்துக்கு 1907 முதல் ஓடிய ரயிலின் தடம். 1972இல் அந்த ரயில் நின்றது. 1984இல் சகுந்தோவின் உருக்கு உலை அணைந்தது. சில ஆண்டுகளில் சுரங்கமும் மூடப்பட்டது. தண்டவாளம் போன இடத்தில் இன்று நாம் குளுகுளுவென்று மிதிவண்டி ஓட்டுகிறோம். மரவெட்டி, இடையர், சுரங்கத் தொழிலாளி ஆகிய மூவரும் போட்ட வழியில் சென்றுகொண்டே, 'இங்கே மனிதனே இல்லை' என்று வியப்பது எவ்வளவு பெரிய நன்றிகேடு!

சரி, அம்மக்கள் எங்கே போனார்கள்? கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவேல் மாவட்டத்தில் ஏறத்தாழ 250,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 135,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். "குளிர் தாங்காமல் போனார்கள்" என்பார் உளர். குளிர் கடுமைதான். அம்மாவட்டத்துக் கலமோச்சாவில் 1963 டிசம்பரில் வெப்பநிலை −30 பாகைக்குச் சென்றது. ஆனால், இரண்டரை இலட்சம் பேர் வாழ்ந்த காலத்தில் மட்டும் அங்கே வெயில் காய்ந்ததா? 1,692 மீட்டர் உயரத்தில் உள்ள வால்தெலினாரெஸ், ஸ்பெயினிலேயே மிக உயரமான ஊராட்சி. அங்கே இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள். எனவே குளிரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

உண்மைக் காரணங்கள் வேறு. 1937-38 குளிர்காலத்தில் உள்நாட்டுப் போர் தெருவேல் நகரைத் தரைமட்டமாக்கியது. போருக்குப் பின் மலைகளில் பதுங்கிய கொரில்லாக்களுக்கு உணவு கிடைக்கக் கூடாதென்று, 1947 முதல் தனிப்பண்ணை வீடுகளில் வாழ்ந்தோரை அரசுக் காவற்படை வெளியேற்றியது. 1959ஆம் ஆண்டுப் பொருளாதாரத் திட்டத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் பார்சலோனா, வலென்சியா, மாட்ரிட் நகரங்களில் குவிந்தன. ஊரில் வேலை இல்லை, நகரில் உண்டு. வேறென்ன செய்வார்கள்?

அதே அரகோனின் வடகோடியில், பிரனீஸ் மலையடியில், ஹானோவாஸ் என்றோர் ஊர். ஆரா ஆற்றில் அணை கட்டப் போவதாகச் சொல்லி 1960களில் மக்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயினும் சில குடும்பங்கள் போகவில்லை. பள்ளி நடந்துகொண்டிருந்ததே! 1966 பிப்ரவரியில் மின் நிறுவனத்தின் ஆள் பள்ளிக் கதவை உதைத்துத் திறந்து, ஆசிரியையையும் பிள்ளைகளையும் வெளியே துரத்தினான். ஆசிரியர்களே, இந்த வரியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஊரைக் காலி செய்ய நினைத்தவர்கள் எதை முதலில் மூட வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். கடைசிக் குடும்பம் 1984இல் வெளியேறியது. அணையோ கட்டப்படவே இல்லை. 2001இல் சுற்றுச்சூழல் மதிப்பீடு அத்திட்டத்தை நிராகரித்தது. வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இப்போது இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டி வருகிறார்கள். இதையும் 'அழகிய பாழ்' என்று படமெடுத்துப் போவதா?

இங்கேதான் மொழியாசிரியரின் வேலை தொடங்குகிறது. 2016இல் செர்ஹியோ தெல் மோலினோ என்னும் எழுத்தாளர் 'காலியான ஸ்பெயின்' என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அச்சொற்றொடர் நாடெங்கும் பரவியது. ஆனால், 2019 மார்ச் 31 அன்று மாட்ரிட் வீதிகளில் திரண்ட சிற்றூர் மக்கள் ஏந்தி வந்த சொல் வேறு: 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்'. ஸ்பானிய மொழியில் 'வாசியா' என்பது 'வாசியாதா' ஆயிற்று. சொல்லின் ஈறு மட்டுமே மாறியது. அந்தச் சிறு மாற்றத்தில் அரசியல் முழுவதும் அடங்கிவிட்டது.

நாம் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று நடத்துகிறோமே, அது வெறும் தேர்வுக்குரிய பாடமா? 'ஊர் காலியானது' என்றால் யாரும் எதுவும் செய்யவில்லை. இலை உதிர்வது போல ஊர் உதிர்ந்தது. 'ஊர் காலியாக்கப்பட்டது' என்றால் ஆக்கியவன் ஒருவன் எங்கோ நிற்கிறான். அவன் யார் என்று கேட்கத் தோன்றும். கேள்வி எழாத வாக்கியத்தைக் கற்றுத் தருவது இலக்கணம் ஆகாது.

"அவர்களாகவே நகரத்துக்குப் போனார்கள், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லையே" என்று மறுப்போர் உண்டு. பலர் தாமாகவே போனார்கள் என்பது மெய்தான். ஆனால் வேலை, மருத்துவர், பேருந்து, பள்ளி ஆகியவை ஒவ்வொன்றாய்ப் போன பிறகு எஞ்சியிருப்பதை 'விருப்பம்' என்று சொல்ல முடியுமா? இதை எதிர்த்து 1999இல் அங்கே தோன்றிய மக்கள் இயக்கத்தின் பெயரே 'தெருவேல் இருக்கிறது' என்பதாகும். 'நாங்கள் இருக்கிறோம்' என்பதையே கோரிக்கையாக வைக்க வேண்டிய நிலை! 2019 நவம்பர் தேர்தலில் அவ்வியக்கம் நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடத்தையும் வென்றது.

பள்ளிகளையும் அவர்கள் எளிதில் விட்டுவிடவில்லை. 1986ஆம் ஆண்டு ஆணையின்படி, பல சிற்றூர்களின் வகுப்பறைகளை இணைத்து ஒரே பள்ளியாக நிருவாகம் செய்கிறார்கள். பிள்ளைகள் தத்தம் ஊரிலேயே படிக்கிறார்கள். சிறப்புப் பாட ஆசிரியர்கள் ஊர் ஊராகச் செல்கிறார்கள். ஒரே அறையில் வெவ்வேறு வயதினர் அமர்ந்து படிக்கிறார்கள். 'மாணவர் குறைவு, ஆகவே மூடு' என்பது ஒன்றே வழியன்று என்பதற்கு இது சான்று.

இது நமக்குப் புதிய கதையா? 150 மாணவருக்குக் குறைந்த பள்ளி என்ற பட்டியலில் நம் தமிழ்ப்பள்ளிகள் எத்தனை என்று ஆசிரியர் அனைவரும் அறிவர். ஸ்பெயினின் மலையும் நம் தோட்டமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வரலாறு வேறு, காரணங்கள் வேறு. ஆனால் இலக்கணப் பிழை ஒன்றுதான். 'மாணவர் குறைந்துவிட்டனர்' என்கிறோம். தோட்டம் துண்டாடப்பட்டதும், நிலம் விற்கப்பட்டதும், குடும்பங்கள் வெளியேறியதும் அந்த ஒற்றை வினைமுற்றில் மறைந்து போகின்றன.

எனவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

1. அம்மலைகளுக்குச் சென்றால், மூட்டையில் ஏழு நாள் உணவைக் கட்டிக்கொண்டு ஊர்களைத் தாண்டிப் பறக்காதீர்கள். நின்று, வாங்கி, உண்டு, பேசிச் செல்லுங்கள்.

2. பாழடைந்த வீட்டின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், இங்கே வாழ்ந்தவர் யார், ஏன் போனார், இன்னும் இருப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே காட்டுங்கள்.

3. கட்டுரைப் பயிற்சியில் 'ஆளில்லாத', 'வெறிச்சோடிய', 'கைவிடப்பட்ட' என்ற சொற்களை மாணவர் எழுதினால், அழகுக்காக மட்டும் மதிப்பெண் வழங்காதீர்கள். கைவிட்டவர் யார் என்று ஓரத்தில் ஒரு வினாக்குறி இடுங்கள்.

காலியான மலை என்று எதுவும் இல்லை. யாரோ காலியாக்கிய மலைதான் உண்டு. இதனை மறுப்போர் தாராளமாக மறுமொழி எழுதலாம். காத்திருக்கிறேன்.