மருந்துக்கு இரண்டாவது பூட்டு

அண்ணனூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை. மருந்துச் சீட்டோடு அந்த ரயிலில் போய் வருபவர்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்கள் வாங்கும் மருந்தின் விலையை வியாபார ஒப்பந்தங்களில் எழுதப்படும் சில வரிகளும் தீர்மானிக்கின்றன என்பதை நாம் யோசிப்பதில்லை.

சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளின் எஃப்டா அமைப்புடன் இந்தியா 2024 மார்ச்சில் செய்துகொண்ட ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. பேச்சுவார்த்தையில் 'பரிசோதனைத் தரவுகளுக்குப் பிரத்தியேக உரிமை' கேட்கப்பட்டது. இந்தியா மறுத்துவிட்டது.

அது என்ன உரிமை? புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதித்த முடிவுகளை நிறுவனம் அரசிடம் கொடுத்து அனுமதி வாங்குகிறது. பிறகு அதே மருந்தைத் தயாரிப்பவர், தன்னுடையதும் உடலில் அவ்வாறே செயல்படுகிறது என்று நிரூபித்தால் போதும். பிரத்தியேக உரிமை வந்தால், பல ஆண்டுகளுக்கு அந்த வழி அடைபடும். வேண்டுமானால் முழுச் சோதனையையும் அவர் மறுபடி நடத்த வேண்டும். குணப்படுத்தும் என்று தெரிந்த மருந்தை, நிரூபிப்பதற்காக ஒரு பகுதி நோயாளிகளுக்குக் கொடுக்காமல் வைப்பது என்ன நியாயம்? காப்புரிமை கிடைக்காத மருந்துக்கும் இந்தப் பூட்டு பொருந்தும் என்பதுதான் பெரிய ஆபத்து. அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்து இதை ஏற்ற ஜோர்டானில், 2001க்குப் பின் வந்த காப்புரிமையற்ற 103 மருந்துகளில் 79 சதவீதத்துக்கு இதனால் மாற்று மருந்து வரவில்லை என்று ஆக்ஸ்ஃபாம் 2007இல் கண்டறிந்தது.

காப்புரிமையே கூடாது என்பது நம் வாதமல்ல. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கண்டுபிடிப்பாளரின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது என்றே முடிவெடுத்தது. உழைத்தவருக்குக் கூலி உண்டு. நம் நாட்டுச் சட்டமும் 20 ஆண்டுகள் தருகிறது.

எல்லை எங்கே என்ற கேள்விக்குச் சென்னையிலேயே பதில் எழுதப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் புதிய வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. பழைய மருந்தைவிட அதிகப் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் என்றிருந்த மருந்து, இந்தியத் தயாரிப்பில் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. நோவார்டிஸ் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் தர்மமாகக் கிடைப்பது வேறு, உரிமையாக வாங்க முடிவது வேறு.

2012இல் பேயரின் நெக்சாவர் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. 2,80,000 ரூபாய் மாதச் செலவு 8,800 ஆனது. பேயருக்கு 6 சதவீத ராயல்டி. நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான மேல்முறையீட்டு வாரியம் மறு ஆண்டு உரிமத்தை உறுதிசெய்து, அதை 7 சதவீதமாக உயர்த்தியது. நாம் விரும்பும் சமநிலை இதுதான்.

அதன் பிறகு இந்தியா ஒரு கட்டாய உரிமமும் வழங்கவில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தமோ, நிறுவனங்கள் தாமாக விரும்பித் தரும் உரிமமே சிறந்த வழி என்கிறது. தரவுக் கோரிக்கையை மறுத்த அதே அரசு இந்த வரிக்குச் சம்மதித்தது ஏன் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.