நினைவால் பொரிக்கும் தாய்



குருவருள் சீடனைச் சேரும் வகையை விளக்க, பெரியோர் மூன்று உயிர்களை உவமை காட்டுவர். மீன் பார்வையால் முட்டை பொரிக்கும். பறவை தொட்டு அணைத்துப் பொரிக்கும். ஆமையோ கரையில் முட்டையிட்டு, கடலில் இருந்தபடி நினைவினாலேயே பொரிக்கும். நயன தீட்சை, பரிச தீட்சை, மானச தீட்சை என்பன இவையே.

அந்த ஆமைத் தாய் இன்றும் சென்னைக் கடற்கரைக்கு வருகிறாள். பங்குனியை ஒட்டி வருவதால் பங்குனி ஆமை என்று பெயர். இரவில் கரையேறி, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுவாள். பின்னர் மணலின் வெப்பமே செவிலித்தாய்.

இக்காலத்தில் அந்தக் குழிக்கு ஆபத்துகள் பல. நாய்கள் தோண்டித் தின்கின்றன. முட்டைகளைக் கவர்ந்து செல்லும் மனிதரும் உண்டு. ஆகவே வனத்துறையினரும், 1988 முதல் அமைப்பாகக் கூடிய மாணவர்களும் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் சேர்க்கின்றனர்.

அவர்கள் கைகளின் பணிவைக் கவனியுங்கள். முட்டையை உருட்டினால் உள்ளே உருவாகும் கரு அழியும். எனவே இட்ட சில மணி நேரத்திற்குள், புரளாமல் எடுத்து, தாய் பறித்த அதே ஆழத்தில், அதே வடிவில் குழி அமைத்து வைக்கின்றனர். மணல் குளிர்ந்தால் ஆண் குஞ்சுகளும், சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். வெப்பம் மேலும் ஏறினால் கருவே கருகும். அதனால் நிழலையும் அளந்தே தருகின்றனர். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலில் தூக்கி விடுவதில்லை. ஈர மணலில் விட்டு, தாமே ஊர்ந்து அலையைச் சேரக் காத்து நிற்கின்றனர்.

தாங்கியும் தனதாக்கிக் கொள்ளாத இக்கைகளே தொண்டின் இலக்கணம். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்து அனுப்பிய நமக்கு இது புரியாததன்று.

நாமும் ஒன்று செய்யலாம். இருளில் கடலின் மேல் தெரியும் மெல்லொளியை நோக்கியே குஞ்சுகள் செல்லும். கரையில் விளக்கெரிந்தால் வழி தவறிச் சாலைக்கு வந்து மடியும். கோயிலில் விளக்கேற்றுதல் புண்ணியம். கடலோரத்தில் வாழ்வோர்க்கு, இம்மாதங்களின் இரவுகளில் கடல் நோக்கிய விளக்கை அணைத்தலும் புண்ணியமே.