ஓரியின் மலைக்கு ஒரு கள்ளுக்கடை

1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் ஜார்ஜ் ஆர்வெல் தமக்குப் பிடித்த மதுக்கடையை வர்ணித்து ஒரு கட்டுரை எழுதினார். குளிர்காலத்தில் கணப்பு எரியும், வானொலி அலறாது, பின்கட்டில் குழந்தைகளோடு உட்காரத் தோட்டம் உண்டு, பரிமாறும் பெண்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரின் பெயர் தெரியும், பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்த ஸ்டவுட் கிடைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போய், முடிவில் அப்படியொரு கடையே கிடையாது என்று போட்டு உடைத்தார். தாம் கேட்கும் பத்துச் சிறப்புகளில் எட்டு உள்ள கடை ஒன்று தெரியுமாம்; ஆனால் அங்கும் பீப்பாய் ஸ்டவுட் இல்லையாம். வறுத்த தானியத்தால் கறுத்து, காப்பிக் கசப்பு ஏறிய பீர்தான் ஸ்டவுட். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் கூலித் தொழிலாளர்கள் குடித்த 'போர்ட்டர்' என்ற பீரின் வழிவந்தது. பிறந்த ஊரிலேயே அதற்கு ஒரு நல்ல கடை தேடி அலைய வேண்டியிருந்தது என்றால், அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பானத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கடை எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பீப்பாய் பீருக்கு ஆயுள் குறைவு. உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். ஆகவே கடைக்காரருக்குத் தினமும் வருகிற உள்ளூர் ஆட்கள் வேண்டும். அவர்கள் தொடர்ந்து வர வேண்டுமானால் கடையில் சண்டை சச்சரவு இருக்கக் கூடாது, அடுத்த வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் கூடாது. மறுநாளும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டிய கடைக்காரர், அளவு மீறியவரிடம் இன்று போதும் என்று சொல்லத்தான் செய்வார். பெரிய ஆலைகள் கெட்டுப்போகாத பீரைத் தயாரித்து நாடு முழுக்க அனுப்பத் தொடங்கியபோது இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. பழைய முறையைக் காப்பாற்ற 1971இல் பிரிட்டனில் 'காம்ரா' என்ற நுகர்வோர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. விரைவில் கெட்டுப்போகும் பானம் கடையைச் சிறியதாக, உள்ளூருக்குக் கட்டுப்பட்டதாக வைத்திருக்கிறது. எத்தனை வருடமானாலும் கெடாத புட்டி, யார் விற்றாலும் யார் குடித்தாலும் ஒன்றுதான் என்ற நிலைக்குக் கொண்டுபோகிறது.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பார்த்தால் நம் ஊரில் ஏன் ஒரு நல்ல குடிக்கடைகூட இல்லை என்பது விளங்கும். நம்முடைய கெட்டுப்போகும் பானம் கள். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும்போதே அது நுரைக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலையில் கடுத்துவிடும், மறுநாள் காடியாகிவிடும். கிடங்கில் அடுக்கவோ 300 கிலோமீட்டர் லாரியில் ஏற்றவோ முடியாது. மரம் எங்கேயோ கடையும் அங்கேயே. அந்தக் கடைகள் 1987 ஜனவரி 1ஆம் தேதி மூடப்பட்டன, இன்றுவரை திறக்கவில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் போனது. கள்ளில் ஆல்கஹால் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டாது. டாஸ்மாக் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 பங்கு. மெல்லியதைத் தடை செய்துவிட்டுக் கடுமையானதை அரசே விற்கும் விந்தையை நாற்பது வருடமாகக் கொள்கை என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். கம்பி வலைக்குள் கையை நீட்டிக் குவார்ட்டரை வாங்கி, பக்கத்து பாரிலோ சாக்கடை ஓரத்திலோ நின்றபடி கவிழ்த்துக்கொண்டு போவதைக் குடிப்பழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. அங்கே பழகுவதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

இதை மாற்றிப் பார்க்கக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடும் வல்வில் ஓரி இந்த மலையின் தலைவன். காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு அவன் மான்கறியோடு உருக்கிய பசுநெய் போன்ற மதுவையும் கொடுத்து, பொன்னும் தந்து அனுப்பியதாக அந்தப் பாட்டு சொல்கிறது. விருந்தின் பகுதியாக, முகம் பார்த்துக் கொடுத்த மது அது. அதே மண் மதுவிலக்கின் தொடக்க நிலமும் ஆனது. ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது தம் சேலம் மாவட்டத்தில்தான். கொல்லிமலை அன்று சேலத்தோடு இருந்தது. அது இன்று இருக்கும் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997இல். இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு போய்விட்டது, வரி தங்கிவிட்டது என்பது வேறு கதை. ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்த்துப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கு விரித்த அவருடைய முறையில் இன்றும் எடுத்துக்கொள்ளத் தக்க நியாயம் இருக்கிறது.

என் யோசனை சிறியது. கொல்லிமலையின் ஊராட்சிகளில் ஒவ்வொன்றின் கிராம சபைக்கும் ஒரே ஒரு கடைக்கு உரிமம் தரவும், தராமல் மறுக்கவும், கொடுத்ததைப் பறிக்கவும் அதிகாரம் வேண்டும். கடை அந்த ஊராட்சி எல்லைக்குள் இறக்கிய கள்ளையோ, அங்கே விளைந்த தானியத்தை ஊறவைத்த மென்மதுவையோ மட்டுமே விற்கலாம். புட்டி கூடாது, வெளியே எடுத்துச் செல்வதும் கூடாது. கொல்லிமலையில் கேழ்வரகும் சாமையும் தினையும் தலைமுறைகளாக விளைந்தவை. ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவிய பின் அவற்றின் நிலம் சுருங்கிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்தே அங்கே சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டு வருகிறது. இதே கேழ்வரகை நொதிக்க வைத்து, மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி, சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் தொங்பா என்று பருகுகிறார்கள். பழங்குடியினர் வீட்டு உபயோகத்துக்குத் தம் மதுவைத் தாமே தயாரித்துக்கொள்ளச் சத்தீஸ்கர் சட்டம் இடம் தருகிறது. கோவா தன் பெனியைப் பாரம்பரிய பானமாகவே அறிவித்திருக்கிறது. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு பெசா சட்டம், மதுவைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கே அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை என்பதால், மலையாளிப் பழங்குடியினர் பெருவாரியாக வாழும் கொல்லிமலைக்கு அந்த உரிமை எட்டவில்லை.

மறுப்புகளில் வலுவானது கலப்படம். 2010 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட்டும் மயக்க மாத்திரையும் கலந்த கள் பிடிபடுவது புதிய செய்தி அல்ல. இதை மூடி மறைத்துவிட்டுக் கள்ளுக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது. ஆனால் கலப்படம் எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். கேரளத்தின் கள்ளுக்கடைகளில் பலவற்றுக்குப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலிருந்து வண்டியில் கள் போகிறது. மரத்துக்கும் கடைக்கும் நடுவே தூரமும் தரகும் புகுந்ததும், இறக்கியது குறைவு, விற்பது அதிகம் என்ற இடைவெளி விழுகிறது; அதை நிரப்ப ரசாயனம் வருகிறது. எல்லைக்குள் இறக்கியதை மட்டும் விற்க வேண்டும் என்ற விதி இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. அந்த ஊராட்சியில் எத்தனை மரம் சீவுகிறார்கள், எத்தனை கலயம் இறங்கியது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கணக்கு. மரம் தரவில்லை என்றால் அன்று கடை இல்லை. தடை இருந்தால் விஷம் இராது என்று சொல்வோருக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதை நினைவூட்ட வேண்டும். கள்ளுக்குத் தடையும் இருந்தது, டாஸ்மாக்கும் திறந்திருந்தது.

பெண்கள் இன்னொரு கடையைக் கேட்கவில்லையே என்பது அடுத்த மறுப்பு. சரியான கேள்வி. குடியின் செலவு முதலில் அடுப்படியில்தான் தெரியும். அதனால்தான் முடிவைக் கலெக்டரிடமோ ஆணையரிடமோ விடாமல், பெண்கள் எழுந்து நின்று பேசக்கூடிய கிராம சபையிடம் கொடுக்கச் சொல்கிறேன். டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிக் கிராம சபைகள் தீர்மானம் போடுகின்றன. அந்தத் தீர்மானம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. நான் சொல்லும் ஏற்பாட்டில் கட்டுப்படுத்தும். கள் உணவுதான், மதுவே அல்ல என்று வாதாடும் நண்பர்களோடும் நான் உடன்படவில்லை. கள்ளில் போதை உண்டு, குடும்பம் கெடுக்கும் வல்லமையும் உண்டு. குறைந்த தீங்கு என்றுதான் சொல்ல முடியும், அதுவும் அளவும் இடமும் சரியாக இருந்தால் மட்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் மதுக்கடையா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றுலா வண்டிகள் இன்று கீழிருந்தே புட்டியோடு மலையேறுகின்றன. மலைச்சாலையில் உடைந்து கிடக்கும் கண்ணாடியைப் பார்த்தாலே அது தெரியும். வெளியே எடுத்துச் செல்ல முடியாத, ஊருக்குள் உட்கார்ந்து குடிக்கிற, சாலையோரத்தில் வைக்கக் கூடாத கடை இதைக் கூட்டாது.

மிச்சம் இருப்பது கோட்டை சொல்லாத காரணம், வருவாய். 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. கள் அந்தப் பணத்தைத் தராது. மரமேறிக்கும் கடைக்காரருக்கும் ஊராட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போய்விடும். அதனாலேயே எந்தக் கட்சி ஆண்டாலும் கள் என்றதும் பொது நலம் நினைவுக்கு வருகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. சில ஊராட்சிகளில் ஊருக்கு ஒரு கடை என்பதால் இந்த வருவாயில் ஒரு துளிகூடக் குறையாது. ஆகவே அந்தச் சாக்கும் இங்கே செல்லாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியது சட்டமன்றம். நாமக்கல், சேந்தமங்கலம் உறுப்பினர்கள் அதை எழுப்பலாம். கிராம சபைகள் வேண்டாம் என்று முடிவு செய்தால் கடை வேண்டாம். கேட்கவாவது கேளுங்கள்.