மீற்றர் விலை, யார் அளவு: துணிக்கடை மேசையில் தொலையும் சென்ரிமீற்றர்கள்

“துணி காணாது.” யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்து தைத்துக் கொடுக்கும் பெண்கள் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிற வார்த்தை இது. கேட்பவருக்கு உடனே எழுவது ஒரே சந்தேகம்: கடையில் கேட்ட அளவுக்குத்தானே வாங்கினேன், மிச்சம் எங்கே போனது? அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தையல்காரரின் மேல்தான் விழுகிறது. துணி அளக்கப்பட்ட மேசை வரைக்கும் அது போவதில்லை.

போருக்குப் பின் வடக்கில் வாழ்வாதார உதவி என்றாலே தையல் இயந்திரம் என்றாகிவிட்டது. குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் பலருக்கு அதுதான் தொழில். கைநேர்த்தி எவ்வளவு இருந்தாலும், துணி குறைந்தால் கைநீளம் குறையும், உள்தையலுக்கு விடும் இடம் குறையும். பழியும் அவர்களுக்கே வரும். ஆகவே கடையில் தவறும் சில சென்ரிமீற்றர் ஒரு குடும்பத்தின் தொழிற்பெயரைத் தொடும் விடயம்.

பணக் கணக்கும் முன்பு போல் இல்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், சில வாரங்களிலேயே 350 ரூபாயைத் தாண்டியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. நாம் உடுத்தும் துணியில் பெரும்பகுதி இறக்குமதி. முன்பு “சும்மா நாலு விரல்தானே” என்று விட்ட அளவுக்கு இன்று விலை இருக்கிறது.

முதல் குழப்பம் அலகில் தொடங்குகிறது. இலங்கை மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது 1970களில். ஆனால் தையலின் மொழி இன்னும் அங்குலமும் யாரும்தான். தையல்காரர் “இரண்டரை யார் வாங்கி வாங்கோ” என்பார். கடையில் விலை மீற்றருக்கு எழுதியிருக்கும். ஒரு யார் 91.44 சென்ரிமீற்றர். மீற்றருக்கு அது 8.56 சென்ரிமீற்றர் குறைவு. மீற்றர் 1,200 ரூபாய் என்று சொல்லப்படும் துணியில் மூன்று மீற்றர் கேட்டு, அது யார் கோலால் அளக்கப்பட்டால், கைக்கு வருவது 2.74 மீற்றர்தான். ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர், அதாவது பத்து அங்குலம், இல்லாமல் போகிறது. பணத்தில் 308 ரூபாய். மறுபக்கமும் உண்டு. இரண்டரை யார் தேவைப்பட்டவர் இரண்டரை மீற்றர் வாங்கினால், தேவைக்கு மேல் 21 சென்ரிமீற்றருக்குக் காசு கொடுக்கிறார்.

இரண்டாவது, அளக்கும் முறை. பல ஆண்டுகள் கைபட்ட மரக்கோலின் முனைகள் தேயும். ஒரு கோலில் அரைச் சென்ரிமீற்றர் தேய்ந்திருந்தால், நான்கு முறை வைத்து அளக்கும்போது இரண்டு சென்ரிமீற்றர் போய்விடும். மேசை விளிம்பில் கீறிய கோட்டை வைத்து அளக்கும் இடங்களில், அந்தக் கோடு எதனோடு ஒப்பிட்டுக் கீறப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஒவ்வொரு மீற்றர் முடிவிலும் பெருவிரல் பிடிக்கும் இடம் சற்று நகரலாம். பின்னல் துணியை இழுத்துப் பிடித்து அளந்தால், வீட்டுக்கு வந்ததும் அது தன் பழைய நீளத்துக்குச் சுருங்கிவிடும். ரோலின் முனை சரிவாக இருந்தால், ஒரு கரையில் சரியாக இருக்கும் நீளம் மற்றக் கரையில் குறையும். சட்டை வெட்டும்போது கணக்கில் வருவது குறைந்த கரைதான்.

அகலத்தை நாம் கேட்பதே இல்லை. 36 அங்குல அகலத் துணியும் 58 அங்குல அகலத் துணியும் ஒரே இரண்டரை மீற்றர் என்றாலும், முதலாவது 2.3 சதுர மீற்றர், மற்றது 3.7 சதுர மீற்றர். ஒரு பஞ்சாபிக்குப் போதுமா போதாதா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கும்.

இவை எல்லாக் கடைகளிலும் நடக்கின்றன என்றோ, நடப்பதெல்லாம் ஏமாற்று என்றோ சொல்வதற்கில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் தீபாவளிக்கு முந்திய நாட்களிலும் ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள்; அவசரத்தில் கை தவறும். துணி வெட்டும் பிள்ளைகள் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறார்கள். நான்கு விரல் கூட விட்டு வெட்டும் பழைய கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடைக்காரரின் நல்ல மனம் அளவுக்கு ஈடாகாது. நல்ல மனத்தை யாரும் சரிபார்க்க முடியாது, கோலைச் சரிபார்க்கலாம்.

அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம் வியாபாரத்தில் பயன்படும் நிறுத்தல், அளத்தல் கருவிகளைப் பரிசோதித்து முத்திரையிட வழி செய்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வாங்கிய பொருளின் அளவும் விலையும் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. முத்திரை என்றதும் நம் நினைவுக்கு வருவது மீன் சந்தைத் தராசும் மரக்கறிக் கடைப் படிக்கல்லும்தான். துணிக்கடைக் கோலில் முத்திரை தேடிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அளவைப் பொதுவில் வைப்பது நமக்குப் புதியதல்ல. சோழர் காலக் கோயில்கள் சிலவற்றின் சுவர்களில் நில அளவுகோலின் நீளம் கல்லில் கீறப்பட்டிருக்கிறது. ஒஸ்ரியாவின் வியன்னாவில் புனித ஸ்ரெபான் பேராலயத்தின் வாசலருகே, துணி அளக்கும் இரும்புக் கோல்கள் இரண்டு இன்றும் சுவரில் பதிந்திருக்கின்றன. சந்தேகம் வந்தவர், யாரிடமும் சண்டை பிடிக்காமல் தானே ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பதே இவற்றின் பயன்.

சிறு பிழை எவ்வளவு பெருகும் என்பதற்குப் பாடசாலைச் சீருடை நல்ல கணக்கு. 2025ஆம் ஆண்டுக்கான இலவசச் சீருடைத் துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகத் தந்தது. சுமார் 4.6 மில்லியன் மாணவர்களுக்கு ஏறத்தாழ 11.8 மில்லியன் மீற்றர். அவ்வளவு துணியில் மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் மட்டும் தவறும் என்று வைத்துக்கொண்டால், அது 118,000 மீற்றர். ஆளுக்கு இரண்டரை மீற்றர் வீதம் 47,000 பிள்ளைகளின் சீருடை. அன்பளிப்பாக வந்ததோ காசுக்கு வாங்கியதோ, வெட்டும் இடத்தில் அளவு கண்காணிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. ஒவ்வொரு துணிக்கடையிலும் முத்திரையிட்ட உலோக மீற்றர் கோல் ஒன்று, வாங்குபவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். விலைச்சீட்டில் மீற்றர் விலையோடு அகலமும் எழுதப்பட வேண்டும். பண்டிகைக்கு முந்திய வாரங்களில் மாவட்டச் செயலக அதிகாரிகள் தராசோடு கோலையும் பரிசோதிக்கலாம். யாழ்ப்பாண வணிகர் கழகம் முன்வந்து தன் உறுப்பினர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டால், நேர்மையாக அளக்கும் கடைகளுக்கே அது விளம்பரமாகும்.

வாங்குபவர்கள் செய்யக் கூடியதும் உண்டு. தையல்காரரிடம் தேவையை மீற்றரில், அகலத்தோடு எழுதி வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் “இது மீற்றர் கோலா?” என்று கேளுங்கள். துணியை இழுக்காமல் மேசையில் படுக்க விட்டு அளக்கச் சொல்லுங்கள். நீளம் எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். வெட்டியதைக் கடையிலேயே ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்த பின் முறையிட்டால், குறைந்தது அளவா சுருக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்கு இருக்கும் கூச்சத்துக்கு இன்று விலை கொடுப்பவர், அடுத்த தெருவில் இரவு பதினொரு மணிக்கும் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருக்கும் பெண்தான்.