கொட்டை வெளியே வந்த கதை

ஒரு காலத்தில் முந்திரிக்கொட்டை பழத்துக்குள்தான் இருந்ததாம். குழந்தைகளுக்குச் சொல்லும் கதை இப்படித்தான் தொடங்கும். காட்டில் ஒரே கொண்டாட்டம். குயில் பாடுகிறது, மயில் ஆடுகிறது. உள்ளே இருட்டில் கிடந்த கொட்டைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தாயே, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கிறேன்" என்று கெஞ்சியது. வனதேவதை மனமிரங்கி வெளியே விட்டாள். ஆட்டம் பாட்டம் முடிந்து இடியும் மழையும் வந்ததும் கொட்டைக்கு அழுகை முட்டியது. "உள்ளே விடு தாயே!" கதவு அடைத்தாயிற்று. அன்று முதல் பழத்தின் அடியில் தொங்குகிறது. கூப்பிடாத இடத்தில் முந்திக்கொண்டு நிற்பவரை நம் ஊரில் முந்திரிக்கொட்டை என்று திட்டுவதும் இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான்.

நம் மண்ணில் இந்தக் கதைக்கு ஐந்நூறு வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. மரத்தின் தாயகம் பிரேசில். அங்கே துப்பிப் பழங்குடிகள் ஆண்டுக்கு ஒரு கொட்டை எடுத்துவைத்து வயதைக் கணக்கிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு மலபார்த் தாவரங்களைத் தொகுத்தார். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற அந்த 12 தொகுதிகள் ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை அச்சாயின. முந்திரியும் அதில் படத்தோடு இருக்கிறது.

மாம்பழம் தின்று வளர்ந்த பிள்ளை முந்திரிப்பழத்தைப் பார்த்தால் கேட்கத்தானே செய்யும், கொட்டை ஏன் வெளியே என்று? இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். அதனால்தான் கேள்வி இன்னும் பலமாகிறது. நம் காட்டிலேயே முந்திரிக்கு ஒரு பங்காளியும் உண்டு: சேராங்கொட்டை. சலவைத்துணியில் குறி போட உதவிய அந்தக் கொட்டையும் சதைப்பற்றின் நுனியில், வெளியேதான் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் மரத்தில் நடப்பது கதைக்கு நேர் தலைகீழ். பூ காய்த்ததும் முதலில் வளர்வது கொட்டைதான். தாவரவியல்படி அதுவே கனி. பிறகுதான் மேலே இருக்கும் காம்பு ஊதிப் பெருத்து, சிவந்தும் மஞ்சளாகவும் பழமாகிறது. கொட்டை ஒருநாளும் உள்ளே இருந்ததில்லை. மழைக்கு அது அழவும் வேண்டியதில்லை. தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தொடுபவர் தோலைப் பொசுக்கிவிடும். இவ்வளவு காவலோடு பிறந்த கொட்டைக்காகக் கதையில் இரங்குகிறோம்.

இரங்க வேண்டியவர்கள் கொல்லத்தில் இருக்கிறார்கள். அங்குள்ள முந்திரி ஆலைகளுக்கு உள்ளூர் விளைச்சல் போதாது. போர்ச்சுகீசியர் மொசாம்பிக்கிலும் இதே மரத்தை நட்டார்கள். இன்று ஆப்பிரிக்க நாடுகளில் விளையும் பச்சைக்கொட்டை கப்பலேறி வருகிறது. கொச்சியை ஒட்டிய வல்லார்பாடம் தீவில் 2011இல் திறந்த கண்டெய்னர் முனையம் அப்படி வந்திறங்கும் துறைகளில் ஒன்று. ஆலைகளில் அதை உடைப்பவர்களும் தோலுரிப்பவர்களும் தரம் பிரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். பருப்பு முழுசாக வர வேண்டும், உடைந்தால் விலை சரியும். அதற்காகக் கையாலேயே உடைக்கும்போது தோட்டெண்ணெய் பட்டு விரல்கள் கறுக்கின்றன, தோல் உரிகிறது.